உங்களுக்குத் தெரியுமா? முத்துக்குளித்துறையின் ஏடுகளும் அரங்குகளும்

வேம்பாற்றிலிருந்து மணப்பாடு வரையிலான முத்துக்குளித்துறையில் ஊருக்கு ஊர் வரலாற்று ஆர்வலர்கள் இருக்கிறார்கள். புதிதாக என்ன நூல் வந்திருக்கிறது, எந்த அரங்கில் என்ன பேசப்பட்டது, பழைய ஏடு எங்கே கிடைக்கும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்காகவே இந்தத் துணுக்குகள். படித்து முடிக்கும்போது ஒன்று விளங்கும். இந்தக் கரையைப் பற்றி எழுதியவர்கள் பல நாட்டவர். அந்த எழுத்துக்குப் பொருளும் பணமும் உழைப்பும் தந்தவர்கள் இந்தக் கரையின் மக்கள்.

முதலில் அச்சேறிய மொழி

இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சு கண்டது தமிழ். 1554 பிப்ரவரியில் போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பனில் ஒரு சிறு மறைக்கல்வி நூல் வெளிவந்தது. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் கோத்து, கறுப்பும் சிவப்புமாக இரண்டு நிறங்களில் அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பணியில் கைகொடுத்த தமிழர் மூவரின் பெயர்கள் நமக்குத் தெரியும்: வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா குரூஸ். முத்துக்குளித்துறை மக்கள் கிறித்தவம் தழுவி இருபது ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது.

இரண்டு அக்டோபர் 20கள்

தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. புன்னைக்காயலை இருப்பிடமாகக் கொண்டு உழைத்த அண்டிரிக் அடிகளாரின் மொழிபெயர்ப்பு அது. 16 பக்கம். கொல்லத்தில் 1578 அக்டோபர் 20 அன்று அச்சாகி வந்தது. அச்சுக்கூடத்துக்கு வேண்டிய பணத்தைத் திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தூத்துக்குடி தனி மாவட்டமானதும் அதே அக்டோபர் 20தான், 1986ஆம் ஆண்டில். மாவட்டத்தின் பிறந்தநாளைத் தமிழ் அச்சின் நாளாகவும் பள்ளிகளில் கொண்டாடலாம்.

669 பக்கத்தில் ஒரு தமிழ் நூல்

16 பக்கத்தில் தொடங்கிய அண்டிரிக் அடிகளார் எட்டே ஆண்டுகளில் 669 பக்க நூலைக் கொண்டுவந்தார். 1586இல் வெளியான ‘அடியார் வரலாறு’ புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் உரைநடை நூல். இது புன்னைக்காயலிலேயே அச்சானது என்று பலரும் கொள்கிறார்கள். கடற்கரை மக்கள் வீட்டில் பேசிய 16ஆம் நூற்றாண்டுத் தமிழை அறிய விரும்புவோருக்கு இதைவிடச் செறிந்த சான்று கிடைப்பது அரிது.

ஏடுகள் இருக்கும் இடம்

இந்த மூன்று நூல்களில் எதன் மூலப்படியும் நம்மூரில் இல்லை. லிஸ்பன் நூல் லிஸ்பன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘தம்பிரான் வணக்கம்’ அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில். ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில். 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்ற இன்னொரு நூல் பாரிஸில். இவற்றில் பலவற்றை ஐரோப்பிய நூலகங்களில் தேடிப் பார்த்து, இன்னதென அடையாளம் கண்டு தமிழுலகுக்கு அறிவித்தவர் தனிநாயகம் அடிகள். முதல் தமிழ் அச்சு நூல்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1958இல் ‘தமிழ்க் கலாச்சாரம்’ என்ற பொருளில் பெயரிடப்பட்ட ஆங்கிலக் காலாண்டிதழில் வெளிவந்தது. 1952இல் தொடங்கிய அந்த இதழின் ஆசிரியரும் அவரே.

தூத்துக்குடிக்கு ஒரு பதிப்பகம் இருந்தது

யாழ்ப்பாணத் தீவகத்தில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் தூத்துக்குடி மறைமாவட்டத்தின் குரு. அவர் முயற்சியில் இந்த ஊரில் உருவானது தமிழ் இலக்கியக் கழகம். வெளிநாட்டு நூலகங்களில் கிடந்த அந்தப் பழைய நூல்கள் தமிழ் வாசகர் கைக்குத் திரும்பி வந்ததும் இந்தக் கழகத்தின் வழியாகத்தான். இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அவற்றைப் பதிப்பித்தார். ‘அடியார் வரலாறு’ 1967இல் தூத்துக்குடியிலேயே மறுபிறவி எடுத்தது. பழைய புத்தகக் கடையில் கழகத்தின் பதிப்பு எதுவும் கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்கிவிடுங்கள்.

உலகத் தமிழ் மாநாட்டுக்கு வித்திட்டவர்

1964 சனவரியில் புதுதில்லியில் கீழைத்தேய ஆய்வாளர்களின் பன்னாட்டு மாநாடு கூடியது. அங்கே வந்திருந்த தமிழறிஞர்களை ஓரிடத்தில் சேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக வழி செய்தவர் இதே தனிநாயகம் அடிகள். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. அடுத்தது 1968 சனவரியில் சென்னையில். அதே 1966இல் இன்னொரு பணியையும் அவர் முடித்தார். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான, அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மறுபதிப்பாக வெளியிட்டார். மாநாட்டையும் பதிப்பையும் ஒருசேர நடத்த ஒரு தனிமனிதரால் முடியும் என்று காட்டியவர் அவர்.

நான்கு நூற்றாண்டு கடந்து வந்த இலக்கணம்

அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்றபடியே ஓர் இலக்கணமும் எழுதினார். ஏறத்தாழ 1549இல் எழுதப்பட்ட அந்தக் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதி நமக்குக் கிடைத்துள்ள முதல் இலக்கணம் இது. ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஃபெர்மேர் 1982இல் அதை அச்சில் கொண்டுவந்தார். ஜீன் ஹெயின், வி. எஸ். ராஜம் ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்து விரிவான ஆய்வோடு 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையின் 76ஆம் நூலாக வெளியிட்டார்கள். முத்துக்குளித்துறைப் பேச்சுத்தமிழைக் கேட்டுக் கேட்டுக் கட்டப்பட்ட இலக்கணம் இது என்பதால் நம் வட்டாரத் தமிழாசிரியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. அடிகளார் 1600இல் மறைந்தார். தூத்துக்குடியில்தான் அடக்கம்.

ஊர் பெயரோடு வந்த கடிதங்கள்

1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தம்மோடு பணிசெய்த மன்சிலாசுக்கு 1544இல் அடுத்தடுத்துக் கடிதங்கள் எழுதினார். மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை, திருச்செந்தூர் என்று எழுதிய ஊரின் பெயர் அவற்றில் இருக்கிறது. நடந்துகொண்டே எழுதியவைபோல் பல கடிதங்கள் மிகச் சிறியவை. இவை 1944–45இல் ஷுர்ஹாமர், விக்கி இருவரின் பதிப்பாக உரோமில் வெளிவந்தன. இந்தியாவிலிருந்து போன இயேசு சபைக் கடிதங்கள் ‘டாக்குமெண்டா இண்டிகா’ என்ற பெயரில் 18 தொகுதிகளாக உள்ளன. ஓர் ஊரின் 16ஆம் நூற்றாண்டு நிலையைத் தேடுகிறவர் முதலில் அந்தத் தொகுதிகளின் பெயரடைவில் தம் ஊரைத் தேடிப் பார்க்கலாம்.

டச்சுக்காரர் வரைந்த தூத்துக்குடி

1658இல் தூத்துக்குடி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. சில ஆண்டுகள் கழித்து இங்கே அக்கம்பெனியின் அலுவலராக இருந்த யோஹான் நியூஹோஃப் தம் பயணங்களை எழுதி வைத்தார். 1672இல் மடகாஸ்கரில் இறங்கியவர் திரும்பி வரவே இல்லை. அவருடைய நூல் 1682இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. அதில் தூத்துக்குடியின் கடற்கரைக் காட்சி செப்புத்தகட்டு ஓவியமாக இருக்கிறது. ஊரின் தோற்றத்தைக் காட்டும் பழைய அச்சோவியங்களில் ஒன்று இது.

எழும்பூரில் இருக்கும் உலகச் சொத்து

டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவை ஐந்து நாடுகளில் பிரிந்து கிடக்கின்றன. இந்தியப் பகுதி சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இத்தகைய ஆவணங்களை ஊன்றிப் படித்தவர் மார்கஸ் விங்க். மதுரை நாயக்கர் அரசுக்கும் டச்சுக்காரருக்கும் இடையே நடந்த தூதுகள் பற்றி 2012இலும், அந்த உறவின் முழு வரலாற்றை அடுத்த சில ஆண்டுகளிலும் நூல்களாகத் தந்தார். பழைய டச்சு மொழி கற்ற தமிழ் இளைஞர்கள் பத்துப் பேர் கிடைத்தால் முத்துச்சலாபக் (முத்துக்குளிப்புக்) கணக்குகள் முழுவதும் நமக்குத் திறக்கும்.

மாவட்ட நூல்கள் மூன்று

பழைய திருநெல்வேலி மாவட்டத்தைப் பற்றி எழுத உட்காரும் எவரும் மூன்று நூல்களைத் தாண்டிப் போக முடியாது. 1879இல் வந்த ஸ்டூவர்ட்டின் மாவட்டக் கையேடு, 1881இல் வந்த கால்டுவெல்லின் அரசியல்–பொது வரலாறு, 1917இல் வந்த பேட்டின் விவரச்சுவடி. மூன்றும் ஆட்சியாளர் பார்வையிலும் மதபோதகர் பார்வையிலும் எழுதப்பட்டவை என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். ஊர்ப்பெயர்களுக்கும் ஆண்டுகளுக்கும் நல்ல துணை. சாதிகளைப் பற்றிய கருத்துகளை மட்டும் பிற சான்றுகளோடு வைத்துத்தான் ஏற்க வேண்டும்.

மார்க்கோ போலோவின் காயல்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காயல் என்ற பெருந்துறைமுகத்தைச் சொல்கிறார். அது எந்த இடம் என்ற கேள்விக்கு விடை தேடிப் பழையகாயல் பகுதியின் மணலைக் கிளறியவர் கால்டுவெல். சீனப் பீங்கான் உடைசல்களும் அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகளும் பரந்த நிலப்பரப்பில் கிடைத்தன. அவர் தந்த குறிப்புகளை ஹென்றி யூல் தமது புகழ்பெற்ற மார்க்கோ போலோ பதிப்பில் சேர்த்துக்கொண்டார். கொற்கையிலும் காயலிலும் தாம் தோண்டியதைப் பற்றிக் கால்டுவெல் 1877இல் ‘இந்தியன் ஆன்டிக்குவரி’ இதழில் எழுதினார். இலண்டனில் அச்சான புத்தகம் ஒன்று நம் வயற்காட்டு ஓட்டுத்துண்டுகளால் திருத்தம் பெற்றது என்பது நமக்குப் பெருமை.

எதிர்க்கரையிலிருந்து ஒரு கட்டுரை

பரதவர் வரலாறு பற்றி ஆங்கிலத்தில் எழுதிய தொடக்க காலத் தமிழர் சைமன் காசிச்செட்டி. இலங்கையின் கற்பிட்டிக்காரர். அவருடைய கட்டுரை 1837இல் இலண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பின்னாளில் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றையும் ஆங்கிலத்தில் தொகுத்தார். மன்னார் வளைகுடாவின் இரு கரையையும் சேர்த்துப் படித்தால்தான் முத்தின் வரலாறு முழுமையாகும் என்பதற்கு அவரே முன்னோடி.

கொற்கை மண்ணில் சங்குத் துண்டு

சென்னை மாகாண மீன்துறையில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். கொற்கையிலும் காயலிலும் வாளால் அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்து, அங்கே பழங்காலத்தில் வளையல் தொழில் நடந்ததை அதில் காட்டினார். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா முத்துக்குளிப்பு பற்றிய அவருடைய அறிக்கை 1922இல் வந்தது. 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் காலத்தைக் காட்டியது. 2021இல் துறை மீண்டும் அங்கே அகழாய்வு செய்தது. காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: லோவெந்தால் என்ற போதகர் 1888இலேயே திருநெல்வேலிக் காசுகளுக்கென்று ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார்.

முத்துக்குளிப்புக்கு ஒரு தமிழர் எழுதிய வரலாறு

தமிழகக் கடற்கரையின் முத்துக்குளிப்பு வரலாற்றை முழு நூலாக எழுதியவர் எஸ். அருணாசலம். 1952இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. சங்க இலக்கியம், கிரேக்க மாலுமியின் ‘பெரிப்ளூஸ்’ குறிப்பேடு, போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று காலவரிசையில் செல்கிறது. பார் (கடலடிச் சிப்பிப் படுகை) எப்படிப் பார்வையிடப்பட்டது, சலாபம் எப்படி அறிவிக்கப்பட்டது, குளிகாரருக்கும் அரசுக்கும் சிப்பி எப்படிப் பங்கு பிரிந்தது என்பதெல்லாம் அதில் கிடைக்கும். சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பணக்காரராவதும் வெறுங்கையோடு போவதும் சிப்பிக்குள் இருப்பதைப் பொறுத்தது. இந்த நூல் எளிய தமிழில் வந்தால் கடற்கரைப் பள்ளிகளுக்கெல்லாம் வேண்டும்.

முத்துக்காகவே கூடிய அரங்கு

இந்தியக் கரையில் கடைசி முத்துச்சலாபம் 1961இல் முடிந்தது. 1955இல் தொடங்கி ஏழாண்டு நடந்த வரிசை அது. அதன்பின் பார்களில் போதிய சிப்பி இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1973 சூலையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் கா. அழகர்சுவாமி தலைமையிலான குழு சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்தை வளர்த்தெடுத்தது. மறு ஆண்டே, 1974 சனவரியில், முத்து வளர்ப்பு பற்றிய ஆய்வரங்கு தூத்துக்குடியில் கூடியது. அதில் படித்த கட்டுரைகள் தொகுப்பாக வந்தன. நிலையத்தின் வெளியீடுகளை அதன் இணையக் களஞ்சியத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

உலகம் மீண்டும் முத்தைப் படிக்கிறது

கடல்சார் வரலாறு இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் வேகமாக வளரும் துறை. இந்தியப் பெருங்கடலின் முத்துத் தொழிலைப் பற்றிப் பெத்ரோ மச்சாதோ, ஸ்டீவ் மல்லின்ஸ், ஜோசப் கிறிஸ்டென்சன் மூவரும் தொகுத்த நூல் 2020இல் ஒஹையோ பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. பாரசீக வளைகுடா, ஆஸ்திரேலியா, மன்னார் எல்லாம் அதில் ஒன்றாக வருகின்றன. 1800 முதல் 1925 வரையிலான இலங்கை முத்துக்குளிப்பைத் தமாரா பெர்னாண்டோ 2022இல் ‘பாஸ்ட் அண்ட் பிரசன்ட்’ இதழில் ஆராய்ந்தார். குளித்த மனிதரோடு சிப்பியையும் பிற கடலுயிர்களையும் சேர்த்துப் பார்க்கும் எழுத்து அது. மன்னார் முத்துக்குளிப்பை ஆண்டவர்கள் நிர்வகித்த விதம் பற்றிச் சஞ்சய் சுப்ரமணியம் 1996இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். இவற்றுள் ஒன்றாவது தமிழாக்கம் பெற வேண்டும்.

சுதேசிக் கப்பலுக்கு ஒரு முழு வரலாறு

வ.உ.சிதம்பரனார் 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. இந்தக் கதையைப் பல்லாண்டு ஆவணத் தேடலுக்குப் பிறகு ஆ. இரா. வேங்கடாசலபதி ‘சுதேசி ஸ்டீம்’ என்ற ஆங்கில நூலாக 2023இல் தந்தார். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12 அன்று கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. அதைச் சொல்லும் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற வேங்கடாசலபதியின் தமிழ் நூலுக்கு 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வழக்கமாகக் கதைக்கும் கவிதைக்கும் போகும் விருது வரலாற்று நூலுக்கு வந்தது உள்ளூர் வரலாறு எழுதுவோர் எல்லோருக்கும் ஊக்கம்.

ஒரே மாவட்டம், ஐந்து விருது

தூத்துக்குடி மாவட்ட மண்ணில் வேர்கொண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றவை வேறு நான்கும் உண்டு. 1991இல் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’, 2013இல் ஜோ டி குருஸின் ‘கொற்கை’, 2014இல் பூமணியின் ‘அஞ்ஞாடி’, 2019இல் சோ. தர்மனின் ‘சூல்’. நான்கும் நாவல்கள். கடலோரம், கரிசல், கண்மாய் என்று மூன்று நிலமும் இவற்றில் வந்துவிடுகின்றன. ‘அஞ்ஞாடி’க்குப் பின்னால் கழுகுமலை, சிவகாசிக் கலவரங்கள் பற்றிய நீண்ட ஆவண உழைப்பு இருக்கிறது. ஊர் வரலாறு எழுத விரும்புவோர் இந்நாவல்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போய் வரலாம்.

பாரதி திருத்த நினைத்த வரலாறு

எட்டயபுர அரச மரபின் கதையைச் சொல்லும் ‘வம்சமணி தீபிகை’ 1879இல் அச்சானது. எழுதியவர் கவிகேசரி சுவாமி தீட்சிதர். அதில் பிழைகள் இருப்பதாகக் கருதிய பாரதியார், நல்ல தமிழில் அதைத் திருத்தி எழுதித் தருவதாக 1919இல் எட்டயபுர மன்னருக்குக் கடிதம் எழுதினார். அந்த விருப்பம் நிறைவேறவில்லை. இளசை மணியன் முயற்சியால் அந்த நூல் நம் காலத்தில் மறுபதிப்பு கண்டது. மகாகவியும் உள்ளூர் வரலாற்றை மதித்துத் தேடியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சிவகளை நெல்லும் இரும்பும்

ஏரல் அருகே சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரி 23 அன்று ஒரு நூல் சென்னையில் வெளியானது. கா. ராஜன், இரா. சிவானந்தம் எழுதிய ‘இரும்பின் தொன்மை’. சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை பின்னே போகிறது என்கிறது அந்த ஆய்வு. பல ஆய்வுக்கூடங்களின் முடிவுகளை அட்டவணைகளோடு தந்திருக்கிறார்கள். செய்தித்தாள் தலைப்போடு நிற்காமல் நூலையே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

ஆதிச்சநல்லூருக்காக நீதிமன்றம் போனவர்

தொல்லியல் களமான ஆதிச்சநல்லூரை 1876இல் தோண்டிய ஜெர்மானியர் யாகோர் கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் தோண்டிய அலெக்சாண்டர் ரீயின் பொருட்பட்டியல் 1915இல் அச்சானது. நம் காலத்தில் அந்த இடத்துக்கு நியாயம் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனவர் முத்தாலங்குறிச்சி காமராசு. தாமிரபரணிக் கரை ஊர்களைப் பற்றி நூல் மேல் நூலாக எழுதிவரும் உள்ளூர் எழுத்தாளர். களத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கும் பணிக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆர்வலர் ஒருவரின் பிடிவாதம் என்ன செய்யும் என்பதற்கு இது சான்று.

காயல்பட்டினம் கண்ட மாநாடு

இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டின் வரிசையில் மூன்றாவது, 1978இல் காயல்பட்டினத்தில் நடந்தது. முதல் மாநாடு 1973இல் திருச்சியில். அரபுத்தமிழ்ச் சுவடிகள், கப்பல் வணிகக் குடும்பங்களின் ஆவணங்கள் என்று காயல்பட்டினத்தில் பாதுகாக்க வேண்டியவை இன்னும் உண்டு. இத்தகைய மாநாட்டு மலர்களைப் பழைய தாளென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வேறெங்கும் கிடைக்காத ஊர்ச் செய்தி அவற்றில்தான் இருக்கும்.

எங்கே போய்ப் பேசலாம்?

தொல்லியல் கழகம் தஞ்சையில் 1991இல் தொடங்கியது. ‘ஆவணம்’ அதன் ஆண்டிதழ். புதிதாகக் கண்ட கல்வெட்டு, நடுகல், செப்பேடு எல்லாம் படத்தோடும் வாசகத்தோடும் அதில் வரும். ஆண்டுக் கருத்தரங்கில் பள்ளி ஆசிரியர்களும் பேராசிரியர்களும் ஒரே மேடையில் கட்டுரை படிப்பார்கள். தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையும் தென்னிந்திய வரலாற்றுப் பேரவையும் ஆண்டுக்கொரு கல்வி நிறுவனத்தில் கூடுகின்றன. 1935இல் தொடங்கிய இந்திய வரலாற்றுப் பேரவை நாடு முழுவதற்குமானது. உறுப்பினராகச் சேர்ந்து, கட்டுரைச் சுருக்கத்தைக் காலக்கெடுவுக்குள் அனுப்புவதே வழி. மாநிலத் தொல்லியல் துறையின் ‘கல்வெட்டு’ இதழையும் தொடர்ந்து பாருங்கள்.

உப்பைப் பற்றியும் எழுதலாம்

தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்த ஆ. சிவசுப்பிரமணியன் ‘உப்பிட்டவரை’ என்று உப்புக்கே ஒரு நூல் எழுதினார். பனைக்கு ஒரு நூல். தமிழகத்தின் அடிமை முறைக்கு ஒரு நூல். வ.உ.சி.யும் முதல் தொழிலாளர் வேலைநிறுத்தமும் பற்றி ஒரு நூல். அரசு ஆவணத்தோடு நாட்டுப்புற வழக்கையும் சேர்த்துச் சான்றாக்குவது அவர் வழி. அரசர் பெயர் இல்லாமலும் வரலாறு எழுதலாம் என்று நம் ஊரிலிருந்தே காட்டியிருக்கிறார்.

வீட்டிலிருந்தே தேட

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இலவசம். ஹார்னெல், யூல், கால்டுவெல் போன்றோரின் உரிமைக்காலம் முடிந்த நூல்கள் உலக மின்னூலகங்களில் உள்ளன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களுக்குப் புகலிடம். கைப்பேசி ஒன்று போதும், தேடல் தொடங்கிவிடும்.

இனி நீங்கள் எழுத வேண்டியது

1961 சலாபத்தில் இருபது வயதில் குளித்தவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். அவர் கண்ட பார்களின் பெயர், மூச்சடக்கிய ஆழம், பங்கு பிரித்த கணக்கு எதுவும் அவரோடு போய்விடக் கூடாது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல்மார், அளத்தில் உப்பு வாரிய பெண்கள், சங்கு குளித்தவர்கள், தோணி கட்டிய ஆசாரிமார் இவர்களின் வரலாறும் பெரும்பாலும் இன்னும் ஏடேறவில்லை. இந்த மாதமே உங்கள் ஊரில் ஒரு முதியவரைப் போய்ப் பாருங்கள். அவர் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஊர், பார், ஆண்டு, சொன்னவர் வயது நான்கையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படியை ஊர் நூலகத்தில் கொடுங்கள். அதையே கட்டுரையாக்கி அடுத்த கருத்தரங்குக்கு அனுப்புங்கள். தமிழ் எழுத்தில் வந்த முதல் அச்சு நூலுக்குப் பணம் கொடுத்த கரை இது. தன் வரலாற்றைத் தானே எழுத அதற்கு முழு உரிமையும் கடமையும் உண்டு.